யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? முகம் காட்டாமல் கோப்பு பகிரும் வழிகளும் அவற்றின் விலையும்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். அங்கே நடக்கும் முறைகேட்டுக்குச் சான்றாகச் சில பில்களை ஒரு செய்தியாளருக்கு அனுப்ப விரும்புகிறார். இரண்டாமவர் வாய்மொழி வரலாறு சேகரிக்கும் ஆய்வு மாணவர். நாற்பது ஐம்பது ஒலிப்பதிவுகளை வெளிநாடுகளில் இருக்கும் நான்கு ஆய்வாளர்களுடன் பகிர வேண்டும். ஆனால் தம்மை நம்பிப் பேசியவர்களின் குரல் எந்தப் பெருநிறுவனத்தின் சர்வரிலும் போய் உட்காரக் கூடாது என்கிறார். மூன்றாமவர் கல்லூரி மாணவர். டொரண்ட்டில் படம் இறக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்பது அவருடைய கவலை. (மூவரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"எந்த மென்பொருளைப் போட்டால் யாருக்கும் தெரியாது?" என்றுதான் மூவரும் கேட்டார்கள். "யாருக்குத் தெரியக் கூடாது?" என்று மூவரிடமும் திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எந்த மென்பொருளையும் தேர்ந்தெடுக்க முடியாது. முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்று. இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது என்பது வேறு. கோப்பைப் பெறுகிறவருக்கே நான் யாரென்று தெரியக் கூடாது என்பது இன்னும் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி இருக்கிறது, தனித்தனி விலையும் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், யார் கண்ணில் எது படுகிறது என்பது. எதிர்முனையில் இருப்பவர், இணைப்பு தரும் நிறுவனம், நடுவில் கோப்பைச் சுமந்து செல்லும் முன்பின் தெரியாத கணினிகள், உங்கள் கணினியைக் கையால் தொடக்கூடியவர் என நான்கு வகைக் கண்கள் இருக்கின்றன. நான்கையும் ஒருசேர மூடும் மென்பொருள் கிடையாது. தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உறை ஒட்டிய கடிதத்தில் உள்ளே எழுதியிருப்பது தபால்காரருக்குத் தெரியாது. ஆனால் யார் யாருக்கு எழுதினார் என்பது உறையின் மேலேயே இருக்கிறதே. குறியாக்கம் கடிதத்தை மறைக்கும். உறைமேல் இருக்கும் முகவரியை மறைப்பது வேறு வேலை.

இரண்டாவது, உங்கள் கணினி எதைச் சுமக்கிறது. இந்த வலையமைப்புகளில் பெரும்பாலானவை ஒருவர் பாரத்தை மற்றவர் தாங்குவதால்தான் இயங்குகின்றன. உங்கள் தரவை யாரோ சுமப்பார்கள். யாருடைய தரவையோ நீங்கள் சுமப்பீர்கள். நிறுவும்போது இதை யாரும் நிதானித்து யோசிப்பதில்லை.

மூன்றாவது நேரம். இரு முனைகளும் ஒரே வேளையில் இணையத்தில் இருக்க வேண்டுமா என்பதும் இதில் அடங்கும். நான்காவது, எதிர்முனையில் இருப்பவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பது. ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: தவறு நேர்ந்தால் திரும்பப் பெற முடியுமா?

## டொரண்ட்டும் வி.பி.என்.-உம்

பிராம் கோஹன் 2001-இல் பிட்டொரண்ட்டை உருவாக்கியபோது அவர் தேடியது வேகம். மறைவு அவருடைய நோக்கமே அல்ல. ஒரு கோப்பை நூறு பேர் இறக்கினால், அந்த நூறு பேரும் ஒருவருக்கொருவர் துண்டுகளைக் கொடுத்து வாங்க வேண்டும். கொடுக்க முகவரி வேண்டும். டொரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது மென்பொருளில் இணைந்திருப்பவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஐபி முகவரிகள், அதாவது ஒவ்வொருவரின் இணைப்பையும் இணையத்தில் அடையாளம் காட்டும் எண்கள், வரிசையாக நிற்கும். பக்கத்தில் நாட்டுக் கொடி. யார் எத்தனை சதவீதம் இறக்கி முடித்திருக்கிறார் என்ற கணக்கு. நீங்கள் அவர்களைப் பார்ப்பதுபோலவே அவர்களும் உங்களைப் பார்க்கிறார்கள். காப்புரிமைக் கண்காணிப்பு நிறுவனங்கள் எந்தப் பூட்டையும் உடைப்பதில்லை. அவர்களும் ஒரு பயனராக உள்ளே வந்து இதே பட்டியலைக் குறித்துக்கொள்கிறார்கள்.

வி.பி.என். என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைக் குறியாக்கித் தன் சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அதைப் போட்டால் அந்தப் பட்டியலில் உங்கள் முகவரிக்குப் பதில் வி.பி.என். நிறுவனத்தின் முகவரி தெரியும். உங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனம் இனிக் குறியாக்கப்பட்ட ஓட்டத்தை மட்டுமே பார்க்கும். ஆனால் அதுவரை இணைப்பு நிறுவனத்திடம் இருந்த முழுப் பார்வையும் இப்போது வி.பி.என். நிறுவனத்திடம் போய்விட்டது. வேலியை மாற்றி நட்டிருக்கிறீர்கள். பயிரை மேயாது என்ற உறுதி அந்த நிறுவனத்தின் வாய்ச்சொல் மட்டுமே. இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஐபி முகவரி ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் எக்ஸ்பிரஸ்வி.பி.என்., நார்ட்வி.பி.என்., புரோட்டான் போன்றவை இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன.

சந்தா இதன் வெளிப்படையான செலவு. மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, பணம் கட்டிய தடயம். இரண்டாவது, இணைப்பு ஒரு நொடி அறுந்தால் டொரண்ட் மென்பொருள் உங்கள் உண்மையான முகவரியோடு ஓடத் தொடங்கிவிடும் என்பது. வி.பி.என். அறுந்தால் இணையத்தையே துண்டிக்கும் அமைப்பு பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. அது இயங்குகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள்.

"அப்படியானால் டோர் வழியாக டொரண்ட்டை ஓட்டுகிறேன்" என்பவர்களுக்கு: வேண்டாம். டோர் என்பது உங்கள் தரவைப் பல இடைக் கணினிகள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் உங்கள் முகவரியை மறைக்கும் வலையமைப்பு. 2010-லேயே டோர் திட்டம் இதை வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. டோர் எவ்வளவு சுற்றிக் கொண்டுபோனாலும், பல டொரண்ட் மென்பொருள்கள் அனுப்பும் செய்திக்குள்ளேயே உங்கள் உண்மையான ஐபி முகவரியை எழுதி வைத்துவிடுகின்றன. முகமூடி அணிந்துகொண்டு போய்ப் பெயர் அட்டையை நீட்டுவது போன்றது இது. தன்னார்வலர்கள் நடத்தும் அந்த வலையமைப்பின் மீது வீண் சுமையும் ஏறும்.

வேகம் வேண்டும், கோப்பு பெரியது, அது சட்டப்படி பகிரக்கூடியது, அக்கம்பக்கத்துக் கண்கள் படாமல் இருந்தால் போதும் என்றால் இந்த வழி சரி. லினக்ஸ் தொகுப்பு ஒன்றை இறக்குகிறவருக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

## ஆனியன்ஷேர்

இங்கே ஒப்பிடும் ஐந்து வழிகளில் நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மைக்கா லீ 2014-இல் வெளியிட்ட இந்த மென்பொருள் உங்கள் கணினியையே டோர் வலையமைப்புக்குள் ஒரு தற்காலிகத் தளமாக மாற்றுகிறது. கோப்பு எந்த சர்வருக்கும் ஏறுவதில்லை. பெறுகிறவர் டோர் உலாவியில் ஒரு முகவரியைத் திறக்கிறார், கோப்பு உங்கள் கணினியிலிருந்து நேரே அவரிடம் போகிறது. நடுவில் இரு பக்கமும் மும்மூன்று இடைக் கணினிகள் இருப்பதால் அவர் ஐபி உங்களுக்குத் தெரியாது, உங்கள் ஐபி அவருக்குத் தெரியாது. உங்கள் கணினி பிறர் தரவு எதையும் சுமப்பதும் இல்லை.

இரண்டு மடிக்கணினிகளை ஒரே மேசையில் வைத்துச் செய்து பார்த்தேன். கோப்பை இழுத்து விட்டுப் பகிரும் பொத்தானை அழுத்தினால், சற்று நேரம் டோருடன் இணைந்துகொண்டிருக்கிறது. பிறகு முகவரி வருகிறது. 56 எழுத்துகள், கடைசியில் டாட் ஆனியன். கூடவே நீளமான ஒரு தனிச் சாவி. இரண்டும் எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். எதிர் மேசையில் இருந்த நண்பரிடம் முகவரியை வாயால் சொல்லிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையான எண்களும் கலந்து வரும். இருபதாவது எழுத்தைத் தாண்டுவதற்குள் 'பி'யும் 'டி'யும் 'ஈ'யும் அவர் காதில் ஒன்றாகிவிட்டன. எழுதி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அந்த முகவரியை எதில் அனுப்புவீர்கள்? அலுவலக மின்னஞ்சலிலோ அலுவலகச் சாட்டிலோ அனுப்பினால், இவர் இவரோடு இந்த நேரத்தில் பேசினார் என்ற செய்தி அங்கேயே பதிவாகிவிடுகிறது. கோப்பு பத்திரமாகப் போயிருக்கும், உறவு அம்பலமாகியிருக்கும். சிக்னல் செயலியில் தானாக மறையும் செய்தியாக அனுப்புவது நான் செய்வது. முகவரியை ஒரு வழியிலும் சாவியை வேறு வழியிலும் அனுப்பினால் இன்னும் நல்லது.

இன்னொரு செலவு, நீங்கள் காத்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் இறக்கி முடிக்கும்வரை உங்கள் கணினி விழித்திருக்க வேண்டும். மடிக்கணினியின் மூடியை மூடினால் தளமும் மூடிக்கொள்ளும். பெரிய காணொளியாக இருந்தால் துண்டுகளாகப் பிரித்து அனுப்புங்கள். டோர் வேகம் நாளுக்கு நாள் மாறும். ஆனால் இதே குறைதான் இதன் பெருமையும். இயல்பான அமைப்பில், கோப்பு ஒரு முறை போய்ச் சேர்ந்ததும் பகிர்வு தானாக நின்றுவிடுகிறது. அந்த முகவரியை நாளை ஒருவர் கண்டெடுத்தாலும் அங்கே எதுவும் இருக்காது. என் ஐந்தாவது அளவுகோலில் இதற்கு நிகராக வேறெதுவும் இல்லை.

ஆனியன்ஷேரைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம். நீங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு, பிறரை உங்களுக்கு அனுப்பச் சொல்லலாம். அப்படி வருகிற ஆவணங்களை அப்படியே திறக்காதீர்கள். டேஞ்சர்ஸோன் என்ற மென்பொருள் அந்த ஆவணத்தைத் தனி அறையில் வைத்துப் படமாக்கி, தீங்கற்ற புதிய பிடிஎஃப் ஆக்கித் தரும்.

இணைப்பு தரும் நிறுவனத்துக்கு நீங்கள் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது தெரியும். எதற்கு என்று தெரியாது. அலுவலகத்தில் நூறு பேரில் ஒருவர் மட்டும் டோர் பயன்படுத்தினால் அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க அதுவே போதும். ஆகவே இதை வீட்டிலிருந்து செய்யுங்கள். அலுவலக வைஃபையில் ஒருபோதும் வேண்டாம்.

## ஐ2பி

2003-இல் தொடங்கிய இந்தத் திட்டம், கோப்புப் பகிர்வை வெளியாள் போல் நடத்தாமல் தன் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்த வலையமைப்பு. டோர் திறந்த இணையத்துக்கு வழிவிடுகிறது. ஐ2பி பெரும்பாலும் தனக்குள்ளேயே இயங்குகிறது. உங்கள் தரவு போவதற்கு ஒரு சுரங்கம், வருவதற்கு வேறொரு சுரங்கம். வழக்கமாக ஒவ்வொன்றிலும் மூன்று கணினிகள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பழைய சுரங்கங்கள் கைவிடப்பட்டுப் புதியவை கட்டப்படுகின்றன. ஐ2பிஸ்னார்க் என்ற டொரண்ட் மென்பொருள் கூடவே வருகிறது. கியூபிட்டொரண்ட் என்ற வேறொரு டொரண்ட் மென்பொருள் 2023 முதல் சோதனை முயற்சியாக ஐ2பியைச் சேர்த்திருக்கிறது.

பழைய மடிக்கணினி ஒன்றில் இதை நிறுவிச் சில நாள் அணைக்காமல் ஓடவிட்டேன். உலாவியில் 7657 என்ற எண்ணில் அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கிறது. முதல் பத்து நிமிடம் எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். அறிந்த கணினிகளின் எண்ணிக்கை மெல்ல ஏறும். எந்தத் தளமும் திறக்காது. பொறுமை இல்லாதவர் அந்த இடத்திலேயே அழித்துவிடுவார். மறுநாள் அதே பக்கத்தில் பார்த்தால், பிறருடைய சுரங்கங்கள் பல என் கணினி வழியாகப் போய்க்கொண்டிருந்தன. யாருடையது, எங்கே போகிறது, உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது. எல்லாம் குறியாக்கப்பட்டவை. மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவிட்ட இணைப்பு வைத்திருப்பவர்கள், முதல் நாளிலேயே இதன் அலைவரிசை வரம்பைக் குறைத்து வையுங்கள். இல்லையென்றால் ஊரார் பாரத்தைச் சுமந்தே மாதக் கணக்கு முடிந்துவிடும்.

வேகத்தை மெகாபைட்டில் எதிர்பார்க்காதீர்கள், கிலோபைட்டில் எண்ணுங்கள். திறந்த இணையத்தின் டொரண்ட்டுகளும் இங்கே கிடைக்காது. ஐ2பிக்குள் யாராவது விதைத்தவை, அதாவது பிறர் இறக்கும்படி பகிர்ந்து வைத்தவை மட்டுமே உண்டு. இரு உலகையும் இணைக்கும் பிக்லிபிடி போன்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதைத் தவறாக அமைத்தால் மறைத்ததெல்லாம் மறுபக்கம் வெளியே வந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: நீங்கள் ஐ2பி பயன்படுத்துகிறீர்கள் என்பது ரகசியம் அல்ல. பங்கேற்கும் கணினிகளின் பட்டியல் வலையமைப்புக்குள் எல்லோருக்கும் கிடைக்கிறது; அதில் உங்கள் ஐபியும் இருக்கும். எதைப் பகிர்கிறீர்கள் என்பதைத்தான் அது மறைக்கிறது. பயன்படுத்துவதே ஆபத்தாகும் நாடுகளில் இருப்பவர்களுக்காக மறைநிலை ஒன்று இருக்கிறது. அதில் பிறர் பாரத்தைச் சுமக்க மாட்டீர்கள், வேகமும் குறையும்.

ஒரே கோப்பை முகம் தெரியாத பலர் நெடுநாள் பகிர வேண்டும், கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியக் கூடாது, கணினி எந்நேரமும் ஓடும் என்றால் ஐ2பிதான் பொருத்தம். ஒரே ஒரு முறை ஒருவருக்கு அனுப்ப இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான டிரிப்ளரையும் சிலர் கேட்கிறார்கள். டொரண்ட்டுக்குள்ளேயே டோர் போன்ற வெங்காய அடுக்குப் பாதையைச் சேர்க்கும் நல்ல ஆய்வு முயற்சி அது. தங்களை நம்பி ஆபத்தில் இறங்க வேண்டாம் என்று அதை எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்த நேர்மையை மதித்து அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## ஹைஃபாநெட் (பழைய ஃப்ரீநெட்)

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது இயன் கிளார்க் எழுதிய கருத்திலிருந்து 2000-இல் பிறந்தது ஃப்ரீநெட். 2023-இல் அந்தப் பெயர் வேறொரு புதிய திட்டத்துக்குப் போக, பழைய மென்பொருள் ஹைஃபாநெட் ஆனது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பெயர் குழம்பி வேறொன்றை நிறுவிவிடாதீர்கள்.

மற்றவை கோப்பைக் கடத்துகின்றன. இது கோப்பைச் சேமிக்கிறது. நீங்கள் போடும் கோப்பு 32 கிலோபைட் துண்டுகளாக வெட்டப்பட்டு, குறியாக்கப்பட்டு, முன்பின் தெரியாதவர்களின் வன்தட்டுகளில் சிதறுகிறது. நீங்கள் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடலாம், கோப்பு அங்கேயே இருக்கும். பிறர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் நீடிக்கும். நெடுநாள் யாரும் கேட்காவிட்டால் புதிய துண்டுகளுக்கு இடம் விட்டுத் தானாக மறையும். ஒரு பிரசுரத்தை வெளியிட்டுவிட்டு மறைய வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

இதன் விலையும் அதே அளவு பெரியது. உங்கள் வன்தட்டில் ஒதுக்கிய இடத்தில் பிறர் போட்ட துண்டுகள் இருக்கும். அவை என்னவென்று உங்களுக்குத் தெரியாது, தனித்து நின்றால் உங்களால் படிக்கவும் முடியாது. இதைத்தான் பாதுகாப்பு என்று அதை உருவாக்கியவர்கள் சொல்கிறார்கள். தொழில்நுட்பமாக அது சரி. ஆனால் இந்த வலையமைப்பில் குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களும் உலவியிருக்கின்றன என்பதை மறைத்துப் பேச நான் தயாரில்லை. அப்படிப்பட்டவற்றைச் சேமித்து வைப்பதே குற்றம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை மாற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு கைப்பேசியில் இருந்த காணொளிகளைப் பற்றியது. ஹைஃபாநெட்டின் படிக்க முடியாத துண்டுகளைப் பற்றியது அல்ல. ஆனாலும் அந்த வேறுபாட்டைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்கும் நிலை தமக்கு வரலாமா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

மறைவும் முழுமையானது அல்ல. முன்பின் தெரியாதவர்களோடு தானாக இணையும் திறந்த நிலையில், உங்கள் பக்கத்துக் கணினியாக வந்து அமர்பவர், நீங்கள் எத்தனை துண்டுகள் கேட்கிறீர்கள் என்று எண்ணி, நீங்கள்தான் கேட்கிறீர்களா அல்லது யாருக்கோ கடத்துகிறீர்களா என்று கணிக்க முடியும். அமெரிக்கக் காவல் துறையினர் இந்த முறையைப் பயன்படுத்தி வழக்குகள் தொடுத்திருக்கிறார்கள். நேரில் தெரிந்த நண்பர்களோடு மட்டும் இணையும் மூடிய நிலை இதைவிடப் பத்திரமானது. அதற்கு இதே மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்கும் பல நண்பர்கள் வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி இருக்கிறார்கள்?

## ரெட்ரோஷேர்

இது நண்பர்களுக்குள் மட்டும். ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் இணைப்பே உண்டாகும். நடுவில் சர்வர் கிடையாது. கோப்பு, அரட்டை, அஞ்சல் எல்லாம் குறியாக்கப்பட்டு நேரே போகும். கோப்புறை வாரியாக யார் பார்க்கலாம் என்று வகுக்கலாம். இரு பக்கமும் ஒரே வேளையில் இணைப்பில் இருந்தால்தான் கோப்பு நகரும்.

நண்பருக்கு உங்கள் ஐபி தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள். டோர் அல்லது ஐ2பி மீது ஓட்டினால்தான் அதுவும் மறையும். நண்பரின் நண்பர், அவருடைய நண்பர் என்று கோப்பைக் கைமாற்றும் வசதியும் இருக்கிறது. ஹாம்பர்க் நீதிமன்றத்தில் சிக்கலானது அதுதான். காப்புரிமை பெற்ற ஒரு பாடல் தன் கணினி வழியாகக் குறியாக்கப்பட்டுக் கடந்து போனதற்காக, அது என்னவென்றே பார்க்க முடியாத ஒரு பயனரை 2012 நவம்பரில் அந்த நீதிமன்றம் பொறுப்பாக்கியது. அந்த வசதியை அணைத்துவிட்டு நேரடி நண்பர்களுக்கு மட்டும் பகிருங்கள்.

## ஒரே பார்வையில்

| | எதிர்முனைக்கு உங்கள் ஐபி | பிறர் தரவைச் சுமக்கிறீர்களா | வேகம் | இருவரும் இணைப்பில் இருக்க வேண்டுமா | திரும்பப் பெற முடியுமா |
|---|---|---|---|---|---|
| டொரண்ட், வி.பி.என். | தெரியாது, வி.பி.என். நிறுவனத்துக்குத் தெரியும் | நீங்கள் இறக்கும் கோப்பின் துண்டுகள் மட்டும் | அதிகம் | யாராவது விதைத்தால் போதும் | பரவியபின் முடியாது |
| ஆனியன்ஷேர் | தெரியாது | இல்லை | நடுத்தரம், மாறும் | ஆம் | இறக்கப்படும்வரை முடியும் |
| ஐ2பி | தெரியாது | ஆம், கடந்து போகும் | குறைவு | யாராவது விதைத்தால் போதும் | பரவியபின் முடியாது |
| ஹைஃபாநெட் | தெரியாது. பக்கத்துக் கணினி கணிக்கலாம் | ஆம், வன்தட்டில் தங்கும் | மிகக் குறைவு | வேண்டாம் | முடியாது |
| ரெட்ரோஷேர் | நண்பருக்குத் தெரியும் | அணைத்தால் இல்லை | நேரடி இணைப்பில் நன்று | ஆம் | நண்பர் இறக்கியபின் முடியாது |

## வின்னி கற்றுத் தந்தது

மேலே உள்ள அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் 'முடியாது' என்று திரும்பத் திரும்ப வருவதன் பொருளை ஜப்பான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இசாமு கனெகோ, 2002-இல் வின்னி என்ற மென்பொருளைப் பெயர் சொல்லாமல் வெளியிட்டார். கோப்புகள் குறியாக்கப்பட்டு ஒவ்வொரு பயனரின் கணினியிலும் தங்கித் தங்கிப் பரவும். யார் முதலில் போட்டார் என்பது தெரியாமல் போகும்படி அமைத்திருந்தார். மளமளவென்று நாடு முழுவதும் பரவியது.

பிறகு அன்டினி என்ற தீநிரல் வந்தது. அது வின்னியின் மறைவை உடைக்கவே இல்லை. பயனரின் கணினியில் புகுந்து, மேசைத்திரையிலும் ஆவணக் கோப்புறையிலும் இருந்தவற்றை வாரிக் கட்டி, வின்னியின் பகிர்வுக் கோப்புறையில் போட்டது, அவ்வளவுதான். மற்றதை வின்னியே பார்த்துக்கொண்டது. வேலையை வீட்டுக்குக் கொண்டுபோன காவலர்களின் விசாரணைக் குறிப்புகளும், தற்காப்புப் படையின் ஆவணங்களும், அணுமின் நிலையம் தொடர்பான அறிக்கைகளும் அப்படி வெளியே போயின. 2006 மார்ச்சில், அப்போது அமைச்சரவைத் தலைமைச் செயலராக இருந்த ஷின்சோ அபே, வின்னியைப் பயன்படுத்தாதீர்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது போனது. யாராலும் அழிக்க முடியாதபடி அமைத்த வலையமைப்பில், கசிந்ததையும் யாராலும் அழிக்க முடியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கனெகோ 2004 மே மாதம் கைதானார். வழக்கு ஓடிய காலத்தில் வின்னியைத் திருத்தி வெளியிடவும் அவரால் முடியவில்லை. 2006-இல் 15 லட்சம் யென் அபராதம். 2009-இல் ஒசாகா உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2013-இல் காலமானார். ஒரு மென்பொருளை எழுதியதற்காக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படியேறிய அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பகிர்வதற்கென்று தனியாக ஒரு கோப்புறை வையுங்கள். முடிந்தால் தனிக் கணினியே வையுங்கள். ஆவணக் கோப்புறையை முழுதாகச் சுட்டிவிடாதீர்கள். கோப்புக்குள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்கஃபி எங்கே இருக்கிறார் என்று உலகுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு பத்திரிகை வெளியிட்ட புகைப்படம்தான். படத்தோடு சேர்ந்து பதிவாகியிருந்த இடக்குறிப்பு அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டது. வேர்டு கோப்பில் ஆசிரியர் பெயரும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

## மூவருக்கும் சொன்னது

கல்லூரி மாணவருக்கு நான் எந்த மென்பொருளையும் சொல்லவில்லை. புதுப் படத்தைத் திருட்டுத்தனமாக இறக்குவதற்கு இவை எதுவும் அரண் ஆகாது. காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. பிறர் உயிரைக் காக்க உழைத்தவர்கள் கட்டிய வலையமைப்பின் மீது அந்தச் சுமையை ஏற்றுவதும் சரியல்ல என்று சொன்னேன். சற்று வருத்தப்பட்டார்.

ஆய்வு மாணவரோடு அரை மணி நேரம் பேசிய பிறகு, அவருக்கு வேண்டியது முகமறைப்பு அல்ல என்பது இருவருக்கும் புரிந்தது. அந்த நான்கு பேருக்கும் அவர் யாரென்று தெரியும். அவர்களை அவருக்கும் தெரியும். நடுவில் ஆள் இல்லாமல் இருந்தால் போதும். ரெட்ரோஷேர் அதற்குப் பொருந்தும். அதைவிட எளிது சின்க்திங்: முகத்தை மறைக்காது, ஆனால் ஒரு கோப்புறையைக் குறியாக்கிக் கணினிக்குக் கணினி நேரே ஒத்திசைக்கும். அதையே எடுத்துக்கொண்டார். ஒலிக் கோப்புகளின் பெயர்களில் பேசியவர்களின் பெயரும் ஊரும் இருந்தன. முதலில் அவற்றை எண்களாக்கச் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்கு ஆனியன்ஷேர்தான் சரி. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதற்கு முன் ஒன்று கேட்டேன்: "இந்த பில்களைப் பார்க்க அனுமதி உள்ளவர்கள் எத்தனை பேர்?" மூன்று பேர். பிடிஎஃப்கள் அவருடைய கணக்கிலிருந்து, அவருடைய கடவுச்சொல்லில், தேதியும் நேரமும் பதிவாகி இறக்கப்பட்டவை. செய்தி வெளியானால் நிறுவனம் டோரை உடைக்கத் தேவையில்லை, மூன்று பெயர்களை எழுதி இரண்டை அடித்தால் போதும்.

சில நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. தணிக்கை தொடங்கும்போது அதே பில்கள் பதினைந்து பேர் கைக்குப் போகும், அதுவரை காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதற்குள் ஆனியன்ஷேரைப் பழகிக்கொள்வதற்காகத் தன் தங்கைக்கு ஒரு வத்தக்குழம்புக் குறிப்பை அனுப்பிப் பார்த்தாராம். முதல் தடவை போகவில்லை. பழக்கதோஷத்தில் மடிக்கணினியின் மூடியை மூடிவிட்டார். இரண்டாம் தடவை போய்ச் சேர்ந்தது.